விகிதக் கணக்கில் 'தரவு போதுமா?': மூன்று வழிகளில் எதைப் பழகுவது?

கடலூரில் அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கும் ஒருவர் விகிதக் கணக்கைப் புதிதாகத் தூசி தட்டி எடுப்பது பெரும்பாலும் டிஎன்பிஎஸ்சிக்காகத்தான். குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் 25 வினாக்கள் திறனறிவுப் பகுதியைச் சேர்ந்தவை; அங்கே விகிதக் கணக்கு என்றால் ஓர் எண்ணைக் கண்டுபிடித்து, கொடுக்கப்பட்ட விடைகளில் அது எங்கே இருக்கிறது என்று பார்த்துக் குறிப்பதோடு வேலை முடிந்துவிடும். பிறகு அவர் வங்கி அதிகாரிப் பணிக்கான முதன்மைத் தேர்வின் பக்கம் திரும்பினாலோ, புதுச்சேரியில் பொறியியல் முடித்த ஒருவர் மேலாண்மைப் படிப்புக்காக ஜிமேட் எழுத முடிவு செய்தாலோ, 'டேட்டா சஃபிஷியன்சி' என்ற வேறொரு வகை வினாவை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. அதில் எண் கேட்கப்படுவதில்லை. கொடுக்கப்பட்ட கூற்றுகளைக் கொண்டு அந்த எண்ணை ஒரே ஒன்றாகத் தீர்மானிக்க முடியுமா, முடியாதா என்பது மட்டுமே கேட்கப்படுகிறது. இரண்டு கூற்றுகள் உள்ள வினாவில், கூற்று 1 மட்டும் போதும், கூற்று 2 மட்டும் போதும், இரண்டும் சேர்ந்தால் போதும், ஒவ்வொன்றும் தனியே போதும், சேர்ந்தும் போதாது என்ற ஐந்து விடைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும்.

இந்த வகை வினாவில் விகிதம் வரும்போது அதை அணுக மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன. முதலாவது, தெரியாத ஒவ்வொன்றுக்கும் ஒரு மாறியை வைத்துச் சமன்பாடுகளை எழுதிக் கடைசிவரை தீர்ப்பது. இரண்டாவது, கூற்றுக்குப் பொருந்தும் எண்களைத் தாமாகவே எடுத்து வைத்துப் பார்த்து, விடை மாறுகிறதா என்று சோதிப்பது. மூன்றாவது, விகிதத்தை 3க, 5க என்று ஒரே மாறியில் எழுதிவிட்டு, கூற்று அந்தக் 'க'வை நிலைநிறுத்துகிறதா என்பதை மட்டும் பார்ப்பது. பயிற்சி வகுப்புகளில் எக்ஸ் என்று எழுதிப் பழகிய அதே மாறியைத்தான் இங்கே 'க' என்று எழுதி, மடங்கெண் என்று குறிப்பிடுகிறேன். மூன்று வழிகளும் சரியானவையே. ஆனால் தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கும் ஒருவர் மூன்றையும் சம அளவில் பழக முடியாது என்பதால், எதை அடிப்படையாக வைத்துக்கொள்வது, எவற்றைத் துணையாக நிறுத்திக்கொள்வது என்று முடிவெடுத்தாக வேண்டும். மடங்கெண் வழியை அடிப்படையாக வைத்து, எண் சோதனையை அதன் வலது கையாகக் கொள்வதே நல்லது என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதைக் கணக்குகளை வைத்தே சொல்கிறேன்.

பண்ருட்டிப் பலாவை வைத்து ஒரு சாதாரணக் கணக்கிலிருந்து தொடங்கலாம். ஒரு மண்டியில் உள்ள பெரிய பழங்களுக்கும் சிறிய பழங்களுக்கும் உள்ள விகிதம் 3:5. மண்டியில் மொத்தம் எத்தனை பழங்கள்? கூற்று 1: சிறிய பழங்கள் பெரியவற்றைவிட 40 அதிகம். கூற்று 2: பெரிய பழங்களில் 20 விற்றுவிட்டால் விகிதம் 2:5 ஆகிவிடும்.

சமன்பாட்டு வழியில் செல்பவர் பெரிய பழங்களுக்கு 'ப' என்றும் சிறிய பழங்களுக்கு 'ச' என்றும் வைத்து, 5ப = 3ச என்பதை முதல் சமன்பாடாக எழுதுவார். கூற்று 1 இலிருந்து ச − ப = 40 என்று எழுதித் தீர்த்தால் 60, 100, மொத்தம் 160 என்று வரும். அடுத்து அதை மறந்துவிட்டு, கூற்று 2 இலிருந்து 5(ப − 20) = 2ச என்று எழுதி மறுபடியும் தீர்த்தால் அதே 160 வரும். ஆகவே ஒவ்வொரு கூற்றும் தனித்தனியே போதும். விடை சரிதான். ஆனால் கேட்கப்படாத ஓர் எண்ணை இரண்டு முறை கண்டுபிடிக்க நேரம் செலவாகியிருக்கிறது. மடங்கெண் வழியில் செல்பவருக்கு முதல் கூற்று 2க = 40 என்றும், இரண்டாவது 15க − 100 = 10க என்றும் தெரியும்; 'க'வுக்கு ஒரே ஒரு மதிப்புதான் இருக்கிறது என்று கண்ட அந்த இடத்திலேயே அவர் பேனாவை வைத்துவிடலாம்.

நேரம் மட்டும்தான் குறை என்றால் சமன்பாட்டு வழியை நான் இவ்வளவு தள்ளி வைக்க மாட்டேன். பழகிய கைக்கு இந்தக் கணக்கு நெடுநேரம் பிடிக்காது. பெரிய குறை வேறு. பள்ளியில் 'இரண்டு தெரியாதவற்றுக்கு இரண்டு சமன்பாடுகள் இருந்தால் தீர்த்துவிடலாம்' என்று படித்தது மனத்தில் ஆழப் பதிந்திருப்பதால், சமன்பாடுகளை எண்ணிப் பார்த்தே 'போதும்' என்று சொல்லிவிடும் பழக்கம் வந்துவிடுகிறது. ஒரு கூடத்தில் பெண்கள் எத்தனை பேர் என்பது கேள்வி என்று வைத்துக்கொள்வோம். கூற்று 1: பெண்களின் எண்ணிக்கை ஆண்களின் எண்ணிக்கையில் 75 சதவீதம். கூற்று 2: கூடத்தில் உள்ள மொத்தப் பேரில் ஆண்கள் 7 இல் 4 பங்கு. இரண்டு மாறிகள், இரண்டு சமன்பாடுகள். ஆகவே இரண்டும் சேர்ந்தால் போதும் என்று குறிப்பவர்கள் நிறைய. உண்மையில் இரண்டு கூற்றுகளும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் உள்ள விகிதம் 4:3 என்ற ஒரே செய்தியையே வேறு வேறு உடையில் சொல்கின்றன. சேர்த்தாலும் போதாது. வினா அமைப்பவர் சதவீதத்தை ஓரிடத்திலும் பின்னத்தை இன்னோரிடத்திலும் வைப்பது, இந்த ஒற்றுமை கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே. கடைசிவரை தீர்த்துப் பார்ப்பவருக்கு 0 = 0 என்று வந்து உண்மை புலப்படும்; பாதியில் சமன்பாடுகளை எண்ணிவிட்டு நிறுத்துபவருக்குப் புலப்படாது. தேர்வு அறையில் பெரும்பாலோர் பாதியில்தான் நிறுத்துகிறார்கள்.

இதே கூடத்துக் கணக்கில் எண் வைத்துப் பார்க்கும் வழியின் வலிமை தெளிவாகத் தெரியும். ஆண்கள் 4, பெண்கள் 3 என்று வைத்தால் இரண்டு கூற்றுகளும் பொருந்துகின்றன. ஆண்கள் 8, பெண்கள் 6 என்று வைத்தாலும் பொருந்துகின்றன. ஒருமுறை விடை 3, இன்னொரு முறை 6. ஆகவே போதாது, இதற்குமேல் வாதமே தேவையில்லை. ஒரு கூற்றுக்குப் பொருந்தி, கேட்ட கேள்விக்கு இரண்டு வெவ்வேறு விடைகளைத் தரும் இரண்டு நிலைகளைக் காட்டிவிட்டால், அந்தக் கூற்று போதாது என்பது முழுமையாக நிரூபிக்கப்பட்டுவிடுகிறது. இயற்கணிதத்தில் தயக்கம் உள்ள மாணவர்களுக்கு, குறிப்பாகத் தமிழ்வழியில் படித்து மனக்கணக்கில் வேகமாக இருக்கும் கடலூர் மாவட்டத்துக் கிராமப்புற மாணவர்களுக்கு, இந்த வழி உடனே கைவந்துவிடுவதை நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

ஆனால் இந்த வழி ஒரு பக்கம் மட்டுமே வெட்டும். போதாது என்பதை இரண்டு எடுத்துக்காட்டுகளால் நிரூபிக்கலாம். போதும் என்பதை எத்தனை எடுத்துக்காட்டுகளாலும் நிரூபிக்க முடியாது. இரண்டு முறை முயன்றும் வேறு விடை கிடைக்கவில்லை என்பதற்கு, வேறு விடையே இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம். தேடியவர் சரியான இடத்தில் தேடவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். ஒரு வகுப்பில் மாணவர், மாணவியர் விகிதம் 4:7. மொத்தம் எத்தனை பேர்? கூற்று 1: மொத்தம் 30 பேருக்கு மேல். கூற்று 2: மொத்தம் 50 பேருக்குக் குறைவு. எண் வைத்துப் பார்ப்பவர் 12, 21 என்று எடுத்து 33 என்று கண்டதும் 'கிடைத்துவிட்டது' என்ற நிறைவில் அங்கேயே நின்றுவிட வாய்ப்பு அதிகம். 16, 28 என்று எடுத்தால் 44 வரும், அதுவும் பொருந்தும். ஆகவே இரண்டும் சேர்ந்தும் போதாது. கூற்று 2 இல் 50 என்பதற்குப் பதில் 40 என்று இருந்திருந்தால் 33 மட்டுமே மிஞ்சும், இரண்டும் சேர்ந்தால் போதும் என்ற விடை வரும். 20 என்று இருந்திருந்தால் (அப்போது கூற்று 1 முரண்படும் என்பதால் அதையும் மாற்ற வேண்டும்) 11 மட்டுமே மிஞ்சுவதால் கூற்று 2 தனியாகவே போதும். ஒரே ஓர் எண்ணை மாற்றினால் விடையே மாறும் இத்தகைய கணக்கில், தற்செயலாகக் கையில் வரும் எண்களை நம்புவது ஆபத்து. மொத்தம் 11 இன் மடங்கு என்று எழுதிவைத்துவிட்டு, அந்த இடைவெளியில் 11 இன் மடங்குகள் எத்தனை என்று எண்ணுபவர் தவறுவதற்கு இடமே இல்லை. அப்படி எழுதுவதுதான் மடங்கெண் வழி.

அந்த வழியைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். விகிதம் என்பது அளவுகோல் குறிக்கப்படாத வரைபடம் போன்றது. புதுச்சேரியில் கடற்கரைச் சாலையிலிருந்து நேரு வீதி எந்தத் திசையில் இருக்கிறது, எது எதைவிட நீளம் என்பதெல்லாம் அதில் சரியாக இருக்கும். ஆனால் எத்தனை மீட்டர் என்று கேட்டால் அந்த வரைபடத்தால் சொல்ல முடியாது. அந்த அளவுகோலைத் தருவது எதுவோ அதுவே மடங்கெண்ணை நிலைநிறுத்தும் கூற்று. ஆகவே இந்த வழியில் செல்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வினா வரைபடத்தின் வடிவத்தைக் கேட்கிறதா, உண்மையான தூரத்தைக் கேட்கிறதா என்பதே. கணக்கு விகிதத்தையோ சதவீதத்தையோ பங்கையோ கேட்டால் மடங்கெண் தேவையே இல்லை. எண்ணிக்கை, விலை, எடை, வயது எனக் கேட்டால் மடங்கெண் கட்டாயம் வேண்டும்.

முந்திரிப் பருப்பை எடுத்துக்கொள்வோம். முழுப் பருப்பின் கிலோ விலைக்கும் உடைந்த பருப்பின் கிலோ விலைக்கும் உள்ள விகிதம் என்ன? கூற்று 1: முழுப் பருப்பு 2 கிலோவும் உடைந்த பருப்பு 3 கிலோவும் சேர்ந்த விலை, முழுப் பருப்பு 4 கிலோவின் விலைக்குச் சமம். கூற்று 2: முழுப் பருப்பு, கிலோவுக்கு 300 ரூபாய் அதிகம். முதல் கூற்றில் ஒரு ரூபாய்கூடக் குறிப்பிடப்படவில்லை என்பதால் பலர் அதை வெற்றுக் கூற்று என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் உடைந்த பருப்பு 3 கிலோவின் விலை முழுப் பருப்பு 2 கிலோவின் விலைக்குச் சமம் என்பது அதிலிருந்து வந்துவிடுகிறது, விகிதம் 3:2. இரண்டாவது கூற்றில் உறுதியான ஒரு தொகை இருந்தும் விகிதம் கிடைக்காது. 600, 300 என்றாலும் பொருந்தும், 900, 600 என்றாலும் பொருந்தும். ஆகவே கூற்று 1 மட்டும் போதும். இரண்டையும் சேர்த்தால் விலை 900, 600 என்று முழுமையாகக் கிடைத்துவிடுவது உண்மைதான். அந்த முழுமையே பலரை 'இரண்டும் சேர்ந்தால்தான் போதும்' என்ற தவறான விடைக்கு இழுத்துச் செல்கிறது. வினா விலையைக் கேட்டிருந்தால் அது சரியான விடையாக இருந்திருக்கும். கேட்டது விகிதம். விகிதக் கணக்குகளில் மதிப்பெண் இழப்பதற்கு, நான் கண்டவரை, இதைவிடப் பெரிய காரணம் வேறில்லை.

அடுத்து, மாற்றத்தைச் சொல்லும் கூற்றுகள். பழக்கணக்கில் '20 பழங்கள் விற்றால் விகிதம் 2:5' என்ற கூற்று மடங்கெண்ணைத் தந்தது. அதே இடத்தில் 'பெரிய பழங்களில் மூன்றில் ஒரு பங்கும் சிறிய பழங்களில் ஐந்தில் ஒரு பங்கும் விற்றால் விகிதம் 1:2 ஆகும்' என்று இருந்தால்? 3க இல் மூன்றில் ஒரு பங்கு போனால் 2க. 5க இல் ஐந்தில் ஒரு பங்கு போனால் 4க. விகிதம் எப்போதும் 1:2 தான். இந்தக் கூற்று எந்தச் செய்தியையும் தரவில்லை. பங்கிலும் சதவீதத்திலும் சொல்லப்படும் மாற்றம் மடங்கெண்ணைத் தொடாது. எண்ணிக்கையிலோ லிட்டரிலோ ஆண்டிலோ சொல்லப்படும் மாற்றம் தொடும் என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம். ஆனால் விதிக்கு ஒரு விலக்கு உண்டு. 'பெரியவற்றில் 6, சிறியவற்றில் 10 சேர்த்த பின்னும் விகிதம் 3:5' என்ற கூற்றில் எண்ணிக்கை இருந்தும் பயனில்லை. ஏனெனில் 6, 10 என்பவையே 3:5 என்ற விகிதத்தில் இருப்பதால் எந்த மடங்கெண்ணுக்கும் இது உண்மையாகும். சேர்த்தாலும் எடுத்தாலும், அந்த அளவுகள் பழைய விகிதத்திலேயே அமைந்திருந்தால் கூற்று வெறுமைதான். பாலும் நீரும் கலந்த பாத்திரத்திலிருந்து கலவையை எடுக்கும் கணக்கிலும் இதையே பார்க்க வேண்டும்; கலவையாக எடுக்கும்போது விகிதம் மாறாது, எடுத்த இடத்தில் நீரை மட்டும் ஊற்றும்போதுதான் மாறுகிறது.

வயதுக் கணக்குகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தாய்க்கும் மகளுக்கும் இப்போதுள்ள வயது விகிதமும், குறிப்பிட்ட இத்தனை ஆண்டுகள் கழித்து வரும் விகிதமும் தெரிந்து, அவை வெவ்வேறாகவும் இருந்தால் மடங்கெண் நிலைபெற்றுவிடும். 5:3 என்பது 10 ஆண்டுகளில் 3:2 ஆகும் என்றால் போதும் என்று குறித்துவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்லலாம். வயது 50, 30 என்று கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. 'சில ஆண்டுகள் கழித்து' என்று மட்டும் இருந்தால் போதாது.

முழு எண் தொடர்பான நுட்பம் இன்னும் ஆழமானது. சமன்பாட்டு வழி முற்றிலும் கைவிடும் இடமும் இதுவே. புதுச்சேரி சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளுக்கும் 23:5:1:1 என்ற விகிதத்தில் அமைந்துள்ளன. இந்த விகிதத்தை மட்டும் கொடுத்து, மொத்தம் எத்தனை இடங்கள் என்று ஒரு வினா கேட்டால், இடங்கள் முழு எண்ணாகவே இருக்க வேண்டும் என்பதால் மொத்தம் 30, 60, 90 என 30 இன் மடங்காக மட்டுமே இருக்க முடியும். இப்போது 'மொத்த இடங்கள் 50 ஐத் தாண்டாது' என்ற கூற்று வந்தால் அது சமன்பாடே இல்லை; ஆனாலும் விடையை 30 என்று முழுமையாகத் தீர்மானித்துவிடுகிறது. சமன்பாடு எழுதிப் பழகியவர் 'குறைவு', 'அதிகம்', 'தாண்டாது' போன்ற சொற்களைக் கண்டதும் அந்தக் கூற்றைப் போதாது என்று ஒதுக்கிவிடுகிறார். இதே எடுத்துக்காட்டு இன்னொன்றையும் காட்டுகிறது. இந்தச் சட்டமன்றத்துக்கு மத்திய அரசு 3 பேர் வரை நியமிக்கலாம். வினா 'தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள்' என்று கேட்டால் விகிதம் நம்மை விடைக்குக் கொண்டுசெல்லும். 'அவையின் மொத்த உறுப்பினர்கள்' என்று கேட்டால், நியமன உறுப்பினர்கள் அந்த விகிதத்துக்கு வெளியே நிற்பதால், இன்னொரு செய்தி இல்லாமல் விடை இல்லை. விகிதத்துக்குள் அடங்காத ஒரு பகுதி மொத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது, கூற்றுகளைப் படிக்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை.

இந்த முழு எண் வாதத்தை எங்கே பயன்படுத்தக்கூடாது என்பதும் முக்கியம். ஆட்கள், படகுகள், இடங்கள், நாணயங்கள் போன்றவற்றை எண்ணுகிறோம். அவை பாதியாக இருக்க முடியாது. எடை, விலை, கொள்ளளவு, தூரம் ஆகியவற்றை அளக்கிறோம். மடங்கெண் அங்கே 1.37 ஆகவும் இருக்கலாம். முந்திரி விலைக் கணக்கில் '1,000 ரூபாய்க்குக் குறைவு' என்ற கூற்று எதையும் தீர்மானிக்காது. பொருள் எதுவும் சொல்லாமல் வெறும் இரண்டு எண்களின் விகிதம் 3:5, பெருக்கற்பலன் 60 என்று வந்தால், மடங்கெண் 2 ஆகவும் இருக்கலாம், −2 ஆகவும் இருக்கலாம். அவை மிகை எண்கள் என்று வினா சொல்லாதவரை போதாது. ஜிமேட் வினாக்களைப் பயிற்சி செய்பவர்கள் இந்தக் குறை எண் வாய்ப்பை எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இரண்டு விகிதங்கள் சங்கிலியாக வரும் கணக்கில் மூன்று வழிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. கடலூர் முதுநகர்த் துறையில் ஒரு நாள் கட்டி நிறுத்தப்பட்டிருந்த விசைப்படகு, ஃபைபர் படகு, கட்டுமரம் மூன்றும் சேர்ந்து 50 க்கும் குறைவு என்றும், மூன்று வகையிலும் குறைந்தது ஒன்றாவது இருந்தது என்றும் வைத்துக்கொண்டு, ஃபைபர் படகுகள் எத்தனை என்று கேட்போம். கூற்று 1: விசைப்படகுக்கும் ஃபைபர் படகுக்கும் உள்ள விகிதம் 2:5. கூற்று 2: ஃபைபர் படகுக்கும் கட்டுமரத்துக்கும் உள்ள விகிதம் 3:1. சமன்பாட்டு வழியில் மூன்று மாறிகளும் இரண்டு சமன்பாடுகளும் இருப்பதால் 'போதாது' என்று முடிவாகிவிடும். எண் வைத்துப் பார்ப்பவர் ஃபைபர் படகு 5 என்று எடுத்து, கட்டுமரம் பின்னமாக வருவதைக் கண்டு, 10 என்று எடுத்து, மறுபடியும் பின்னம் கண்டு, 15 இல் வந்து நிற்பார். அடுத்து 30 பொருந்துமா என்று பார்க்க வேண்டும் என்பதை அவராக நினைவில் கொள்ள வேண்டும். மடங்கெண் வழியில் ஃபைபர் படகு இரண்டு விகிதத்திலும் பொதுவாக இருப்பதால் 5, 3 இரண்டின் மீச்சிறு பொது மடங்காகிய 15 ஐ அதற்கு வைத்து 6:15:5 என்று ஒரே வரியில் எழுதலாம். மொத்தம் 26 இன் மடங்கு. 50 க்குள் 26 மட்டுமே. இரண்டும் சேர்ந்தால் போதும், தனித்தனியே போதாது. இந்த ஒரு கணக்கை மூன்று வழியிலும் செய்துபார்க்குமாறு ஒருவரிடம் சொன்னால், எந்த வழியை அடிப்படையாக வைப்பது என்று அவருக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

இனி, எந்தத் தேர்வு எழுதுபவர் எதற்கு எவ்வளவு நேரம் கொடுக்க வேண்டும் என்ற நடைமுறைக் கேள்வி. ஜிமேட் தேர்வின் புதிய வடிவம் 2023 நவம்பரில் அறிமுகமானது முதல், டேட்டா சஃபிஷியன்சி வினாக்கள் கணிதப் பகுதியிலிருந்து விலகி 'டேட்டா இன்சைட்ஸ்' என்ற பகுதிக்குச் சென்றுவிட்டன. அந்தப் பகுதியில் 45 நிமிடங்களில் 20 வினாக்கள். சராசரியாக ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 15 விநாடி. ஆனால் அதே பகுதியில் அட்டவணைகளையும் வரைபடங்களையும் பல தாள்களாக வரும் தகவல்களையும் படித்து விடை காணும் வினாக்களும் இருப்பதால், சராசரியைவிடக் குறைந்த நேரத்தில் விகிதக் கணக்கை முடித்தால்தான் அவற்றுக்கு நேரம் மிஞ்சும். அங்கே திரையில் கணிப்பான் உண்டு என்பது சமன்பாட்டு வழிக்காரர்களுக்கு ஒரு தூண்டில். விகிதம் குறித்த போதுமா வினாவில் கணிப்பானைத் தேடிக் கை போகிறது என்றாலே, தேவையில்லாத எண்ணைக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்று பொருள். புதுச்சேரியில் பொறியியலோ வணிகவியலோ முடித்து இந்தத் தேர்வுக்குத் தயாராகும் ஒருவருக்கு இயற்கணிதம் ஏற்கெனவே கைவசம் இருக்கும். அவர் அதை மேலும் பழகுவதைவிட, அதைப் பாதியில் நிறுத்தப் பழகுவதற்கே நேரம் கொடுக்க வேண்டும்.

வங்கித் தேர்வு எழுதுபவரின் நிலை வேறு. வங்கிப் பணிகளுக்கு ஆளெடுக்கும் அமைப்பான ஐபிபிஎஸ் நடத்தும் தேர்வுகளில் தவறான விடைக்கு அந்த வினாவின் மதிப்பெண்ணில் நான்கில் ஒரு பங்கு குறைக்கப்படுகிறது. ஐந்து விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தால், ஐந்தில் ஒரு வாய்ப்பில் கிடைக்கும் மதிப்பெண்ணை மற்ற நான்கு வாய்ப்புகளில் ஏற்படும் இழப்பு சரியாகச் சமன்செய்துவிடும். சராசரி ஆதாயம் சுழியம். ஆனால் ஒரு கூற்று தனியாகப் போதாது என்று இரண்டு எண்களை வைத்து நிரூபித்துவிட்டாலே, ஐந்தில் இரண்டு விடைகள் நீங்கி மூன்று மிஞ்சும்; அப்போது ஊகித்தாலும் ஒரு மதிப்பெண் வினாவில் சராசரியாக ஆறில் ஒரு மதிப்பெண் ஆதாயம் உண்டு. ஒரு கூற்று தனியாகப் போதும் என்று தெரிந்துவிட்டால் இரண்டே விடைகள் மிஞ்சும். சராசரி ஆதாயம் எட்டில் மூன்று. இந்த எளிய கணக்கு காரணமாகவே, எண் வைத்துப் பார்க்கும் வழியை நான் முற்றிலும் தள்ளாமல் துணையாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். மடங்கெண் வழியில் தடுமாறும் கணக்கிலும், ஏதேனும் ஒரு கூற்றையாவது அரை நிமிடத்துக்குள் வெட்டிவிட அதனால் முடியும்.

விடைகளின் வரிசையிலும் கவனம் வேண்டும். ஜிமேட்டில் மூன்றாவது விடை 'இரண்டும் சேர்ந்தால் போதும்', நான்காவது 'ஒவ்வொன்றும் தனியே போதும்', ஐந்தாவது 'சேர்ந்தும் போதாது' என்பது மாறாத வரிசை. வங்கித் தேர்வு வினாத்தாள்கள் பலவற்றில் மூன்றாவது 'ஏதேனும் ஒன்று தனியே போதும்', நான்காவது 'சேர்ந்தும் போதாது', ஐந்தாவது 'இரண்டும் சேர்ந்தால்தான் போதும்' என்று இருக்கும். இரண்டு தேர்வுகளுக்கும் ஒரே காலத்தில் தயாராகும் ஒருவர், எந்த வழியில் கணக்கைச் செய்தாலும், இந்த ஒரு வேறுபாட்டால் சரியாகக் கண்ட விடையைத் தவறாகக் குறித்துவிட முடியும். வங்கித் தேர்வில் ஒவ்வொரு முறையும் அறிவுறுத்தலைப் படித்துவிட்டே குறிக்க வேண்டும்.

வங்கி முதன்மைத் தேர்வுகளில் மூன்று கூற்றுகள் கொண்ட வடிவமும் வருகிறது. அங்கே மற்ற இரண்டு வழிகளும் நேரத்தை விழுங்கிவிடும். ஒரு பள்ளியில் மொத்தம் எத்தனை பேர் படிக்கிறார்கள்? கூற்று 1: மாணவர், மாணவியர் விகிதம் 5:4. கூற்று 2: மாணவியர், மாணவரைவிட 60 பேர் குறைவு. கூற்று 3: மாணவர் 300 பேர். ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே அது என்ன தருகிறது என்று ஓரிரு சொற்களில் எழுதினால் போதும்: முதலாவது வடிவம், இரண்டாவது வேறுபாடு, மூன்றாவது ஒரு பகுதியின் எண்ணிக்கை. மூன்றும் வெவ்வேறு செய்திகள். எந்த இரண்டை எடுத்தாலும் 300, 240 என்ற ஒரே நிலை மட்டுமே பொருந்தும். ஆகவே எவையேனும் இரண்டு கூற்றுகள் போதும். இப்போது மூன்றாவது கூற்றை மட்டும் 'மாணவியர் எண்ணிக்கை மாணவர் எண்ணிக்கையில் 80 சதவீதம்' என்று மாற்றினால், அது முதல் கூற்றைத் திரும்பச் சொல்வதாகிவிடுகிறது. அப்போது 1, 3 இரண்டும் சேர்ந்து பயனில்லை. கூற்று 2 கட்டாயம் வேண்டும், அதனுடன் 1 அல்லது 3 இல் ஏதேனும் ஒன்று வேண்டும் என்பதே விடை.